மூச்சுவாங்கி மேட்டில் யாரும் நடந்ததில்லை

சிலமலை
18 ஆகஸ்ட் 2025

எழுத்தாளர் வெள்ளைத்துரை அவர்களுக்கு,

உங்கள் உடன்பிறந்த தங்கை பொற்கொடி எழுதுகிறேன். சுகமா என்று கேட்பதற்காக அல்ல. புத்தகத்தின் பின்னட்டையில் அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறீர்கள். சுகமாகத்தான் இருப்பீர்கள்.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். (அவர்களே, இவர்களே என்று எழுத எனக்குப் பொறுமை இல்லை. இனிமேல் நீதான்.) அதுவும் போக, உன்னிடம் இனி எதைச் சொன்னாலும் எழுத்தில்தான் சொல்லவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

உன் புத்தகத்தை நீ எனக்கு அனுப்பவில்லை. நானும் கடையில் வாங்கவில்லை. அது என் கைக்கு எப்படி வந்தது தெரியுமா? ஒரு வக்கீல் நோட்டீசோடு வந்தது. அட்டை இரண்டும் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கமும் மட்டும், ஜெராக்ஸ் எடுத்து, அந்தப் பக்கத்தில் பச்சை மையில் கோடு போட்டு.

நடந்ததைச் சொல்கிறேன். அடிவாரத்துக் காப்பி எஸ்டேட்டை மே மாதம் பசுமுகடு என்கிற மலைப்பயணக் கம்பெனி வாங்கிவிட்டது. ஜூலையில் ஓடைக்குப் பக்கத்தில் பாதையை மறித்து இரும்புக் கேட்டு நட்டுப் பூட்டுப் போட்டார்கள். அந்தப் பாதை ஒன்றுதான் நம் ஏலத்தோட்டத்துக்கு வழி. நம்முடையது மட்டுமல்ல, மேட்டுக்கு அந்தப் பக்கம் பதினோரு குடும்பத்துத் தோட்டம் இருக்கிறது. போடிமெட்டு ஏறிச் சுற்றினாலும் ஜீப்பு அங்கே போகாது என்பது உனக்கே தெரியும். நாங்கள் பதினோரு பேரும் சேர்ந்து தமிழினி என்கிற வக்கீலம்மாவைப் பிடித்து, பாதையைத் திறந்துவிடச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினோம். "அப்படி ஒரு பாதையே கிடையாது, அதில் யாரும் நடந்ததே கிடையாது" என்று அவர்கள் பதில் போட்டிருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் நீ.

நீ எழுதியதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன்: "ஆல்ப்ஸிலும் லடாக்கிலும் எத்தனையோ கணவாய்களைச் சைக்கிளில் கடந்திருக்கிறேன். இங்கே மட்டும் ஒரு காலடித் தடம் இல்லை. ஒரு குரல் இல்லை. மனிதர் அறியாத இந்த உச்சியில் நானும் என் சைக்கிளும் மட்டும் நின்றோம். இதற்கு மௌனக் கணவாய் என்று பெயரிட்டேன்."

மௌனமா? பக்கத்துத் தோட்டத்து அன்னக்கொடி ஏறுகிற மலையில் மௌனமா? அவள் அடிவாரத்தில் ஆரம்பிக்கிற மாமியார் கதை உச்சிக்குப் போய்ச் சேர்ந்தும் முடியாது. அந்த இடத்துக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. வழுக்குப்பாறை ஏறி, சுமையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கிவிட்டு அந்தப் பக்கம் இறங்குவோம். அதனால் மூச்சுவாங்கி மேடு. நம் அம்மா உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அந்த மேடு ஏறியவள்.

நீயும் உன் சைக்கிளும் மட்டுமா நின்றீர்கள்? போன வருஷம் பிப்ரவரியில் வழுக்குப்பாறைக்குக் கீழே உனக்குத் தொடை பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து "ஆத்தாடி ஆத்தாடி" என்று கத்தினாய். சைக்கிளைக் கழற்றினோம். முன்சக்கரம் அன்னக்கொடி தலையில், பின்சக்கரம் என் தலையில், சும்மாடு கூட்டி வைத்துத்தான் மேலே கொண்டுவந்து சேர்த்தோம். எங்கள் குரல் உனக்குக் கேட்கவில்லையா?

இருபது வரி போதும். இந்தப் பாதையில் இன்னின்னார் நடக்கிறார்கள், நானும் அவர்களோடு நடந்திருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஏலக்காய் பறிக்கிற முதல் எடுப்புக்கு நாள் ஆகிவிட்டது. காய் நிற்கிறது.

பொற்கொடி


கோயம்புத்தூர்
29 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பொற்கொடிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபம் இருக்கட்டும். ஆனால் வக்கீல் நோட்டீசுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டிய புத்தகம் அல்ல அது. பயண இலக்கியம் என்பது பஞ்சாயத்துத் தீர்மானம் இல்லையம்மா. அன்றைக்கு அந்த உச்சியில் நின்றபோது என் மனதில் என்ன இருந்ததோ அதை எழுதினேன். நீங்கள் எல்லோரும் சுற்றி இருந்தீர்கள், உண்மைதான். ஆனாலும் அந்த நிமிஷம் நான் தனியாகத்தான் இருந்தேன். இது உனக்குப் புரியுமா என்று தெரியவில்லை.

இத்தாலியில் ஸ்டெல்வியோ என்று ஒரு கணவாய். நாற்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவு. நம் போடிமெட்டுப் பாதையைப் போல மூன்று மடங்கு. உச்சியில் பெயரும் உயரமும் எழுதிப் பலகை வைத்திருப்பார்கள். ஏறி வருகிறவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவான். நானும் அழுதேன். நம் ஊர் மலைக்கும் அப்படி ஒரு பெருமை வரவேண்டும், நாலு பேர் தேடி வரவேண்டும் என்றுதான் அந்தக் கடைசி அத்தியாயத்தை எழுதினேன். மூச்சுவாங்கி என்று எழுதினால் யார் வருவார்கள், சொல்.

கேட்டு போட்டது எனக்குத் தெரியாது. பசுமுகடு கம்பெனியில் என்னைத் தலைமை வழிகாட்டியாக எடுத்திருக்கிறார்கள், அதை உன்னிடம் சொல்லவேண்டும் என்று இருந்தேன். ஜனவரியிலிருந்து பயணம் தொடங்குகிறது. போடியிலிருந்து அடிவாரம் வரை சைக்கிள், அங்கிருந்து உச்சிக்கு நடை. நாற்பத்தாறு வயதில், மோட்டார் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இத்தனை வருஷம் மிதித்ததற்கு எனக்கென்று கிடைத்தது இது ஒன்றுதான். இந்த நேரத்தில் அவர்களுக்கு எதிராக நான் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

கோர்ட்டு, கேஸ் என்று அலையாதே. நான் மேலதிகாரியிடம் பேசுகிறேன். வருகிற பயணிகளுக்குச் சமைத்துப்போட ஆள் வேண்டும். நம் பெண்களுக்கே அந்த வேலையை வாங்கித் தருகிறேன். புத்தகம் இரண்டாம் பதிப்பு வரும்போது உன் பெயரையும் நன்றி சொல்லிச் சேர்த்துவிடலாம்.

மாப்பிள்ளை முத்துப்பாண்டியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
வெள்ளைத்துரை


சிலமலை
9 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

சமையல் வேலையா? எங்கள் தோட்டத்துக்குப் போகிற வழியை மறித்துக்கொண்டவனுக்கு நாங்கள் சோறு பொங்கிப்போட வேண்டுமா? இதை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? பதினோரு பேரையும் கூட்டி வைத்து அந்த வரியை வாசித்துக் காட்டினேன். அன்னக்கொடி எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை கேட்டுக்குப் போனோம். காவலுக்கு யார் தெரியுமா? நம் தெருச் சின்ராசு. தொப்பி, விசில், எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"யக்கா, என்னைய வையாத. உள்ள விட்டா என் சோலி போயிரும்."

"ஏன்டா, நேத்து வரைக்கும் நீயும் எங்க கூட மூட்டை சுமந்து வந்தவன்தானடா?"

"வந்தேன்க்கா. இப்ப கம்பெனில பதிவு பண்ணிட்டு வரணுமாம். பேரு, வயசு, போட்டோ எல்லாம் குடுக்கணும். அப்புறம் ஷூ போட்டிருக்கணும். ஷூ இல்லாம விடக் கூடாதுன்னுட்டாங்க."

ஷூ! அறுபது வயது அய்யம்மாள் அத்தை தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அந்தக் கால் அந்த மலையில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கும்? அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. "இவன் என்னடா எனக்குச் சொல்றது, நான் ஓடைக்குள்ள எறங்கிச் சுத்திப் போறேன்" என்று நாங்கள் பிடிப்பதற்குள் இறங்கினாள். பாசிப்பாறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறது. இந்த வருஷம் அவள் கையால் ஒரு காய் கிள்ள முடியாது.

நீ தனியாக நின்றதாக எழுதியிருக்கிறாய். எனக்குப் புரியாது என்றும் எழுதியிருக்கிறாய். அட்டைப் படத்தை எடுத்துப் பார். அதை எடுத்தது நான். முதலில் நாங்கள் எல்லோரும் உன் பக்கத்தில்தான் நின்றோம். நீதான் போனை என் கையில் கொடுத்து, "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கத்தா, சாக்கு மூட்டையெல்லாம் படத்துல விழுது" என்றாய். நாங்களும் சிரித்துக்கொண்டே ஒதுங்கினோம். அண்ணன் அழகாக விழட்டும் என்று மூட்டைகளைப் பாறைக்குப் பின்னால் இழுத்துப் போட்டது நான்தான். ஏன் ஒதுங்கச் சொன்னாய் என்பது நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் படித்த பிறகுதான் தெரிந்தது.

வெளிநாட்டில் மலைக்கு மலை பலகை வைத்திருக்கிறார்கள், சரி. எங்களுக்குப் பலகை நடத் தெரியாது. அதனால் நாங்கள் இல்லை என்று ஆகிவிடுமா? வெள்ளைக்காரத் துரைகள் வந்து பெயர் வைத்துவிட்டுப் போனது போதாது என்று நம் வீட்டிலேயே ஒரு துரையை அம்மா பெற்று வைத்திருக்கிறாள்.

உன் முதல் சைக்கிள் எந்தக் காயை விற்று வந்தது? ஏழாம் வகுப்பில், சிவப்புக் கலர். அதையாவது மறக்காமல் இருக்கிறாயா?

கேஸ் போட்டாயிற்று. அக்டோபர் பதினைந்தாம் தேதி விசாரணை. பாதையில் நடந்த ஆள், கம்பெனிக்கு வேண்டிய ஆள், புத்தகம் எழுதிய ஆள், மூன்றும் நீ ஒருவனே. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறார் வக்கீலம்மா. காய் பழுத்துச் சரத்திலேயே வெடிக்க ஆரம்பித்திருக்கும். வருவாயா, மாட்டாயா? அதை மட்டும் எழுது.

பொற்கொடி


கோயம்புத்தூர்
22 செப்டம்பர் 2025

பொற்கொடிக்கு,

உனக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று பத்து நாளாகத் தவித்தேன். அத்தை கை ஒடிந்தது கேட்டுத் தூக்கம் வரவில்லை. சரி, வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்து, கம்பெனி அலுவலகத்துக்கே போய் மேலதிகாரியிடம் சொன்னேன். "அந்தப் பாதையில் என் தங்கையும் ஊர்க்காரர்களும் நடக்கிறார்கள், நான் சாட்சி" என்றேன். நம்பு, சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. எஸ்டேட்டோடு சேர்ந்து வந்த பழைய கோப்பு ஒன்றை எடுத்து என் முன்னால் தள்ளினார்.

2019 நவம்பர் தேதியிட்ட ஒரு தாள். நீயும் கொஞ்சம் வாசித்துப் பார்: "கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் பதினோரு குடும்பத்தாரும் மேற்படி எஸ்டேட் வழியாக உள்ள எந்தப் பாதையிலும் எக்காலத்திலும் நடந்ததில்லை என்றும், எங்கள் தோட்டங்களுக்கு ஜீப்பில் சுற்றியே போய்வருகிறோம் என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறோம்." கீழே ஏழு கையெழுத்து, நான்கு கைநாட்டு. எழுதியது யார் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. 'ழ'வுக்கு வாலை அடுத்த வரி வரைக்கும் இழுத்து எழுதுகிற ஆளை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "உங்க புத்தகத்த விடுங்க சார். உங்க தங்கச்சியே உங்களுக்கு முன்னாடி எழுதிக் குடுத்திருக்காங்க." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என்னைப் பொய்யன் என்றாய். ஊரைக் கூட்டி என் கடிதத்தை வாசித்தாய். காறித் துப்ப வைத்தாய். துரை என்றாய். நானாவது ஒரு கதைக்காக, ஒரு அழகுக்காக எழுதினேன். நீ முத்திரைத்தாளில் எழுதியிருக்கிறாய்! யார் நடந்ததில்லை என்று முதலில் சொன்னது? அம்மா நடந்த பாதை என்று எனக்குச் சொல்கிறாயே, 'எக்காலத்திலும்' என்ற வார்த்தையை எழுதும்போது அம்மா உயிரோடுதானே இருந்தாள்?

அம்மா போன பிறகு தோட்டத்தில் என் பங்கையும் உன் பெயருக்கே விட்டுக்கொடுத்தேன். அதைக்கூட ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. இன்று சொல்ல வைத்துவிட்டாய்.

இனி நான் வந்து சாட்சி சொன்னால் என்ன ஆகும்? அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் பொய் எழுதுகிற குடும்பம் என்று ஆகும். நான் வரவில்லை. உன் கையெழுத்துக்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

வெள்ளைத்துரை


சிலமலை
1 அக்டோபர் 2025

அண்ணே,

அது என் கையெழுத்துதான். அம்மா அன்றைக்கு உயிரோடு, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். அவளுடைய கைநாட்டும் அதில் இருக்கிறது, உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நீ வெளிநாட்டில் இருந்தாய். உன்னிடம் நாங்கள் சொல்லவில்லை. அந்த வருஷம் எஸ்டேட் ஸ்டோரிலிருந்து காப்பிக்கொட்டை மூட்டை காணாமல் போனது. எத்தனை மூட்டை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. பாதையில் நடக்கிறவன் எல்லாம் திருடன் என்று ஆனது. உன் மாப்பிள்ளையை விசாரிக்க என்று கூட்டிக்கொண்டு போய் ஒரு பகல் முழுக்கச் சட்டையில்லாமல் உட்கார வைத்தார்கள். சாயங்காலம்தான் விட்டார்கள்.

மறுநாள் எஸ்டேட் மேனேஜர் வந்தார். "நீங்க யாரும் அந்தப் பாதையில வர்றதே இல்லன்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுத்துருங்க. நடக்காதவங்க மேல எப்படிச் சந்தேகம் வரும்? அப்புறம் நீங்க பாட்டுக்கு நடந்துக்கங்க, நான் கண்டுக்க மாட்டேன்" என்றார். எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. நான் பி.காம். படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் பேனாவைக் கொடுத்தார்கள். ஜீப்பு போகாத இடத்துக்கு ஜீப்பில் போகிறோம் என்று எழுதினேன். மேனேஜருக்கும் அது பொய் என்று தெரியும். எழுதிக் கொடுத்த அன்றைக்கே, அந்தப் பாதையிலேயே ஏறி, மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் காய் எடுத்தோம். திருட்டுப் பட்டத்திலிருந்து தப்பித்தோம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

'எக்காலத்திலும்' என்ற வார்த்தையை யாரும் சொல்லித்தரவில்லை. எழுத்து கம்பீரமாக இருக்கட்டும் என்று நானாகவே போட்டேன். அதற்காக இப்போது என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் இன்னும் அதிகமாகக் கோபப்பட்டேன். மூன்றாம் நாள் அது எதற்கு என்று எனக்கே விளங்கியது. நீ என்னைக் கண்டுபிடித்துவிட்டாய், அதுதான். பங்கை விட்டுக்கொடுத்ததைச் சொல்லிக்காட்டியது மட்டும் ஆறவில்லை. அது ஆறாது.

வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எழுதவில்லை என்று சொல்ல முடியாதா, அக்கா?" என்று கேட்டார். முடியாது என்றேன். கூண்டில் ஏறி, பொய் எழுதினேன் என்று சொல்லப்போகிறேன். அப்படிச் சொன்னால் நாங்கள் நடந்தோம் என்று ஆகும். நடந்தோம் என்று ஆனால் பழைய திருட்டை மறுபடி கிளறுவார்கள். உன் மாப்பிள்ளை யோசித்துவிட்டு, "கெளறட்டும். சட்டையக் கழட்டியாச்சு, இன்னும் என்னத்தக் கழட்டப் போறாங்க" என்றார்.

நீ வரவேண்டாம். இதைக் கோபத்தில் எழுதவில்லை. வந்தால் உன் வேலை போகும், எங்களுக்கும் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. என் பொய்யை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பொய்யை நீ எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்.

பொற்கொடி


தேனி
17 அக்டோபர் 2025

பொற்கொடி,

நான் வந்தேன்.

தேனியிலிருந்து போடிக்குச் சைக்கிளில்தான் வந்தேன். பத்து மணிக்குக் கோர்ட் வளாகத்தில் இருந்தேன். நீங்கள் பதினோரு குடும்பமும் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தீர்கள். அய்யம்மாள் அத்தை கையில் கட்டோடு யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் வராந்தாவில் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். உன்னைக் கூப்பிட்டதும் உள்ளே வந்துவிடவேண்டும் என்று நினைத்திருந்தேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

அவர்கள் வக்கீல் அந்தத் தாளைக் காட்டி, "இதை எழுதியது நீங்கள்தானே?" என்றார்.

"நாந்தாங்கய்யா."

"அப்போது எழுதியது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா?"

"எழுதுனதுதாங்கய்யா பொய்யி. பயத்துல எழுதுனேன்."

"இப்போது மட்டும் பயம் இல்லையா?"

"இருக்குங்கய்யா. பயமும் இருக்கு, காயும் இருக்கு. காய் வெடிக்குதுங்கய்யா."

அவர் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் பின்னால் இருந்து அன்னக்கொடி எழுந்து, கூப்பிடாமலே, "அதுல கைநாட்டு வச்சவ நானு. நானும் பொய்தேன் சொன்னேன், எழுதிக்கங்க" என்றாள். அடுத்து முத்துப்பாண்டி எழுந்தார். அப்புறம் ஒவ்வொருவராக. உட்காரச் சொல்லியும் யாரும் உட்காரவில்லை. பதினோரு குடும்பத்து ஆட்களும் வரிசையாக நின்று நாங்கள் பொய் சொன்னோம் என்று சொல்வதை ஒரு நீதிபதி அதற்கு முன் கேட்டிருப்பாரா தெரியாது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போக எனக்கு வேண்டியிருந்தது பத்து அடி. கையில் ஹெல்மெட் இருந்தது. லடாக்கில் மூச்சு முட்டுகிற உயரத்தில் ஒவ்வொரு மிதியாக எண்ணி எண்ணி ஏறியவன் நான். அந்தப் பத்து அடி முடியவில்லை. கம்பெனியை நினைத்தேனா, அத்தனை பேர் முன்னால் 'நானும்' என்று சொல்ல வெட்கப்பட்டேனா, இப்போதும் எனக்கு விளங்கவில்லை. இரண்டும்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே ஒரு விடுதியில் இரண்டு நாளாகக் கிடக்கிறேன். கோயம்புத்தூருக்குப் போகவும் மனம் இல்லை.

நான் என்ன மாதிரி ஆள் என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நீ திட்டி எழுதினால் நன்றாக இருக்கும்.

இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதிவிடுகிறேன். சத்தியம்.

வெள்ளைத்துரை


சிலமலை
3 நவம்பர் 2025

அண்ணே,

நீ வந்தது எனக்கு அன்றைக்கே தெரியும். சைக்கிளைத் தூணில் சாய்த்திருந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா? அந்தத் தடியான டயரோடு போடியில் வேறு யாரிடம் சைக்கிள் இருக்கிறது? உள்ளே வருவாய் என்று கடைசி ஆள் எழுந்து நிற்கும்வரை கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ திட்டச் சொல்லியிருக்கிறாய். திட்ட எனக்கு மனசு வரவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாகக் கோபம் வருகிறது.

இடைக்கால உத்தரவு வந்துவிட்டது. கேஸ் முடிகிறவரை பதினோரு குடும்பமும் அந்தப் பாதையில் போய்வரலாம், கம்பெனி கேட்டைத் திறந்துவிட வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று இல்லை. கேஸ் இன்னும் எத்தனை வருஷம் இழுக்குமோ. பழைய திருட்டைப் பற்றியும் அவர்கள் ஒரு மனு போட்டிருக்கிறார்கள். அதையும் பார்ப்போம்.

போன திங்கட்கிழமை ஏறினோம். சின்ராசு பூட்டைத் திறந்துவிட்டு, விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அய்யம்மாள் அத்தையைக் கைத்தாங்கலாக ஓடை தாண்டிக் கூட்டிப்போனான். அவளால் கிள்ள முடியாது என்று தெரியும். கூட வந்தே தீருவேன் என்று வந்தாள். முதல் எடுப்பில் பாதிக்குமேல் போய்விட்டது. சரத்தைத் தூக்கினால் வெடித்த தோல்தான். குரங்கும் அணிலும் தின்றது போக மிச்சத்தை மூன்று நாள் குனிந்து எடுத்தோம். அன்னக்கொடி வழியெல்லாம் கோர்ட்டில் தான் பேசியதையே திரும்பத் திரும்பப் பேசினாள். இப்போது அது மாமியார் கதையைவிட நீளம்.

ஒன்று சொல்லவேண்டும். யார் யார் போகலாம் என்று கேட்டில் ஒட்டுவதற்கு ஒரு பட்டியல் கேட்டார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் எல்லோருடைய பெயரும் வேண்டுமாம், வெளியூரில் இருக்கிறவர்களையும் சேர்த்து. வக்கீலம்மாவின் குமாஸ்தா எழுதிக்கொண்டே வந்தார். என் பெயர், உன் மாப்பிள்ளை பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் எழுதிவிட்டு, "அண்ணன் ஒருத்தர் இருக்காருல்ல, அவரையும் போட்டுறலாமா?" என்றார்.

வேண்டாம் என்றேன். அந்தப் பாதையில் மனிதர் யாரும் நடந்ததில்லை என்று அவரே புத்தகம் போட்டிருக்கிறார், அவர் பெயரை எப்படிச் சேர்ப்பது என்றேன். குமாஸ்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டார். உன் மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "ஒன் கூடப் பொறந்தவன் பேர நீயே அடிச்சிட்டியே" என்று சத்தம் போட்டார். போடட்டும்.

இரண்டாம் பதிப்பு வரும்வரை எங்கள் காய் காத்திருக்காது. அந்தப் பதிப்பை உன் கம்பெனிக்காரர்களிடம் கொடு.

பட்டியலில் பிறகும் பெயர் சேர்க்கலாமாம், கேட்டு வைத்திருக்கிறேன். இந்தப் பாதையில் நான் நடந்திருக்கிறேன், இன்னின்னாரோடு நடந்திருக்கிறேன் என்று எழுதி ஒரு மனு போடவேண்டும். நேரில் வந்து, உள்ளே வந்து, கொடுக்கவேண்டும். எழுதத் தெரிந்தவன்தானே நீ, ஒரு பக்கம் போதும்.

அடுத்த எடுப்பு டிசம்பர் நடுவில். அத்தை கை அதற்குள் சரியாகாது, ஆள் பற்றாது. கம்பெனி ஆளாக நீ வந்தால் சின்ராசு சல்யூட் அடித்து உள்ளே விடுவான். எங்கள் ஆளாக வந்தால் பட்டியலைப் பார்ப்பான். பெயர் இல்லாவிட்டால், நீ அழுதாலும் விடக்கூடாது என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் தங்கை
பொற்கொடி